நூறு ரூபாயைப் பங்கு போடச் சொன்னால்... கணக்கெடுப்புக் கேள்விகளைப் பற்றி ஒரு விளக்கம்



குடும்ப நலக் கணக்கெடுப்புப் படிவங்கள் பலவற்றில் ஒரு கேள்வி தவறாமல் இடம்பெறும். “உங்கள் குடும்பத்துக்கு எந்த உதவி தேவை? கல்வி, மருத்துவம், தொழில் கடன், வீடு பழுது பார்த்தல், விதவையர் உதவித்தொகை. தேவையானவற்றை டிக் செய்யவும்.” பெரும்பாலான வீடுகளில் எல்லாக் கட்டங்களிலும் டிக் விழும். வருவது வரட்டுமே என்று நினைப்பது மனித இயல்புதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருநூறு வீட்டுப் படிவங்களைச் சேர்த்துப் பார்த்தால், எல்லாருக்கும் எல்லாமும் தேவை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கையில் இருக்கும் பணத்தில் எவ்வளவைப் பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்குவது, எவ்வளவை மருந்துக்கு ஒதுக்குவது என்று நிர்வாகக் குழு உட்காரும்போது அந்தப் படிவக் கட்டு மேசையில் சும்மா கிடக்கும்.

சிலர் இதற்கு மாற்றாக வரிசைப்படுத்தச் சொல்வார்கள். முதலில் எது, இரண்டாவது எது? இது கொஞ்சம் மேல். ஆனால் ஒரு வீட்டில் மருத்துவம் முதலிடம், கல்வி இரண்டாமிடம் என்றால், இரண்டுக்கும் நடுவே மயிரிழை வித்தியாசமா, மலையளவு வித்தியாசமா என்பது தெரியாது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் இருக்கும் வீடும், எப்போதாவது காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகும் வீடும் ஒரே வரிசையை எழுதித் தரலாம்.

மூன்றாவது வழி, பங்கு போடச் சொல்வது. “உங்களிடம் நூறு ரூபாய் இருக்கிறது. இந்த ஐந்துக்கும் எப்படிப் பிரிப்பீர்கள்?” ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றில் குறைத்தாக வேண்டும். அந்த இடத்தில்தான் பதில் சொல்பவர் உண்மையிலேயே யோசிக்கிறார். 1947-லேயே மில்டன் மெட்ஃபெசல் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த முறையை எழுதி முன்வைத்தார். இன்று சந்தை ஆய்வு முதல் ஊரக வளர்ச்சிப் பணி வரை இது புழக்கத்தில் இருக்கிறது. பார்ப்பதற்கு எளிது. ஆனால் கேள்வியைக் கவனமில்லாமல் அமைத்தால், டிக் போடும் படிவத்தைவிட இது அதிகம் ஏமாற்றும். ஏனென்றால் கடைசியில் சதவீதம் என்ற எண் வந்து நிற்கும், எண்ணைக் கண்டால் நாம் எல்லாருமே நம்பிவிடுவோம்.

முதலில் தெளிவாக்க வேண்டியது, எந்த நூறு என்பது. மாத வருமானத்தின் நூறா, மாதச் செலவின் நூறா, அறக்கட்டளை தரப்போகும் உதவியின் நூறா? மூன்றும் வேறு வேறு. சொந்த வீட்டில் இருப்பவர் செலவுக் கணக்கில் வாடகைக்குச் சுழியம் எழுதுவார், உதவிக் கணக்கில் ஒழுகும் கூரைக்காக முப்பது எழுதுவார். கடன் வாங்கிச் சாப்பிடும் வீட்டில் செலவு வருமானத்தைத் தாண்டி நிற்கும். அங்கே வருமானத்தைப் பங்கு போடச் சொன்னால் அந்த வீட்டின் உண்மை நிலைக்குப் படிவத்தில் இடமே இருக்காது. “உங்கள் பணத்தை எப்படிச் செலவழிக்கிறீர்கள்?” என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நூறை மனதில் வைத்துப் பதில் சொல்வார்கள். பிறகு அவற்றைக் கூட்டிச் சராசரி எடுப்பது அரிசியையும் மண்ணெண்ணெயையும் ஒரே படியில் அளப்பது போலத்தான்.

அடுத்தது, ரூபாயாகக் கேட்கக்கூடியதைச் சதவீதமாகக் கேட்கவே கூடாது. “வருமானத்தில் எத்தனை சதவீதம் சாப்பாட்டுக்குப் போகிறது?” என்றால் யாருக்கும் சட்டென்று தெரியாது. ஏதோ ஐம்பது என்பார்கள். ஆனால் வாரம் காய்கறிக்கு எவ்வளவு, மீன் கறிக்கு எவ்வளவு, மாத மளிகை எவ்வளவு என்று கேட்டால் இல்லத்தரசிகள் விரல்நுனியில் சொல்வார்கள். சதவீதத்தை நாம் பிறகு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த வேலை படிவம் தயாரித்தவருடையது, பதில் சொல்பவருடையது அல்ல.

ரூபாயாகக் கேட்கும்போது காலத்தையும் சரியாகப் பிடிக்க வேண்டும். மத்திய அரசின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அலுவலகம் 2022-23-லும் 2023-24-லும் நடத்திய குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றுக்குக் கடந்த 7 நாள் கணக்கு. துணிமணி, காலணி, படிப்பு, மருத்துவமனையில் சேர்ந்து பார்த்த வைத்தியம், நீடித்து உழைக்கும் பொருள்கள் ஆகியவற்றுக்குக் கடந்த 365 நாள் கணக்கு. மற்றவற்றுக்கு 30 நாள். ஏன் இப்படி? ஆண்டுக்கு ஒரு முறை ஜூனில் 36,000 ரூபாய் கட்டணம் கட்டும் வீட்டுக்கு நாம் நவம்பரில் போய் “போன மாதம் படிப்புக்கு எவ்வளவு?” என்று கேட்டால் சுழியம் என்று வரும். ஜூலையில் போனால் வீடே படிப்புக்காகத்தான் வாழ்கிறது என்று தோன்றும். ஆண்டுக் கணக்காகக் கேட்டுப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,000 என்ற சரியான எண் கிடைக்கும். பெருநாள் துணிக்கும் இதே கதைதான். ரமளான் மாதத்துச் செலவை வைத்து ஆண்டு முழுவதையும் எடை போட முடியாது.

அப்படியானால் பங்கு போடச் சொல்லும் கேள்வி எதற்கு? ரூபாய்க் கணக்கே இல்லாத விஷயங்களுக்கு. எது எவ்வளவு முக்கியம் என்ற கருத்து, அறக்கட்டளையின் பொது நிதியை எப்படிச் செலவிடலாம் என்ற விருப்பம், வரும் ஆண்டில் வேலை போய்விடுமோ என்ற அச்சம், வீட்டு வேலையில் யாருக்கு எவ்வளவு சுமை என்ற மதிப்பீடு. இவற்றுக்கு ரசீது கிடையாது. இங்கேதான் இந்தக் கேள்விக்கு வேலை.

இனி பட்டியலுக்கு வருவோம். என் கருத்தில் பாதிக் கணக்கெடுப்புகள் கெடுவது இந்த இடத்தில்தான்.

நூறைப் பிரிக்கச் சொன்னால், உறுதியான கருத்து இல்லாதவர்கள் சமமாகப் பிரித்துவிடுவார்கள். நான்கு இனம் இருந்தால் ஆளுக்கு இருபத்தைந்து. இதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். பட்டியலில் கல்வி, மருத்துவம், தொழில் கடன், விதவையர் உதவித்தொகை என்று நான்கு இருந்தால் கல்விக்கு 25 கிடைக்கும். அதே கல்வியைப் பள்ளிக் கட்டணம், கல்லூரிக் கட்டணம், சீருடையும் புத்தகமும் என்று மூன்றாக உடைத்து எழுதினால் இனங்கள் ஆறாகும். சமமாகப் பிரிப்பவர் ஒவ்வொன்றுக்கும் பதினாறு, பதினேழு தருவார். மூன்றையும் கூட்டினால் கல்விக்கு 50 வந்துவிடும். ஊரில் ஒருவர் மனமும் மாறவில்லை, பட்டியல்தான் மாறியது. கல்வி மீது ஆர்வமுள்ள ஒருவர் படிவம் தயாரித்தால் அவரை அறியாமலே முடிவு கல்விப் பக்கம் சாய்ந்துவிடும். மருத்துவக் குழுவில் இருப்பவர் தயாரித்தால் அந்தப் பக்கம். விதவையர் உதவித்தொகை பெரும்பாலும் ஒற்றை வரியாகவே இருக்கும். அதை உடைத்து எழுத அந்தக் கூட்டத்தில் ஆள் இருப்பதில்லை. எனவே அது எப்போதும் குறைவாகவே வாங்கும்.

இது நம் ஊர் மக்களின் குறை அல்ல. 1978-ல் ஃபிஷாஃப், ஸ்லோவிக், லிக்டன்ஸ்டைன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கார் ஸ்டார்ட் ஆகாததற்கான காரணங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு காரணத்துக்கும் எவ்வளவு பங்கு என்று மதிப்பிடச் சொன்னார்கள். சிலருக்கு முழுப் பட்டியல். சிலருக்குப் பல காரணங்களை நீக்கிவிட்டு, கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு வரி மட்டும். நீக்கிய காரணங்களின் பங்கெல்லாம் அந்த ‘மற்றவை’க்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போகவில்லை. கண் முன்னால் இருந்த காரணங்களுக்கே பெரும்பகுதி போய்விட்டது. காரிலேயே வாழ்நாளைக் கழித்த மெக்கானிக்குகளும் இதற்கு விதிவிலக்காக இருக்கவில்லை. கண்ணில் படாதது கணக்கிலும் வராது.

ஆகவே பட்டியலில் விட்டுப்போனதை ‘இதர’ என்ற வரி காப்பாற்றிவிடும் என்று நிம்மதியாக இருக்க முடியாது. அந்த வரி வேண்டும்தான், பக்கத்தில் எழுத இடமும் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், பட்டியலே இல்லாமல் பத்து வீடுகளில் “போன வருஷம் எதற்கெல்லாம் பணம் போயிற்று, எதற்குத் திணறினீர்கள்?” என்று பேச்சாகக் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலிருந்து பட்டியலை உருவாக்குவது நல்லது. இனங்கள் ஐந்து அல்லது ஆறுக்கு மேல் போகக் கூடாது. எல்லாம் ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். விவரம் தேவைப்பட்டால் இரண்டு படியாகக் கேட்கலாம். முதலில் கல்வி, மருத்துவம் என்று பெரிய பிரிவுகளுக்கு நூறைப் பிரிக்கச் சொல்லி, பிறகு கல்விக்குக் கொடுத்ததை மட்டும் பள்ளிக்கு எவ்வளவு, கல்லூரிக்கு எவ்வளவு என்று பிரிக்கச் சொல்வது. இனங்களின் வரிசையையும் பாதிப் படிவங்களில் மேல் கீழாக மாற்றி அச்சிட வேண்டும். முதலில் வாசிக்கப்படுவதற்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டுக் கடைசியில் வருவதற்கு மிச்சத்தைத் தள்ளுவது சகஜம்.

பட்டியலில் சில இனங்கள் வெட்கத்தினால் சுருங்கும். இதை நம் சமுதாயச் சூழலில் ஒளிக்காமல் பேச வேண்டும். பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து நிதி நிறுவனங்களில் வாங்கும் குழுக் கடன் இன்று எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. வாரத் தவணை கட்ட வேண்டிய நாளில் அடுப்பு எரியாத வீடுகளும் இருக்கின்றன. ஆனால் பள்ளிவாசல் முத்திரை பதித்த படிவத்தில் ‘வட்டி’ என்று ஒரு வரி இருந்தால் அதற்கு நேராக யார் எண் எழுதுவார்கள்? சுழியம் என்பார்கள். அந்தப் பணம் சாப்பாட்டிலோ இதரச் செலவிலோ கரைந்துபோகும். வட்டியில்லாக் கடன் திட்டத்துக்கு இந்த ஊரில் தேவையே இல்லை என்று அறிக்கை சொல்லும். யாருக்காகத் திட்டம் போடுகிறோமோ அவர்களே கணக்கில் இருக்க மாட்டார்கள். ‘கடன் தவணை’ என்று எழுதினால் போதும். நகைக்கடன், கடை பாக்கி, உறவினரிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் அதிலே அடங்கும். எங்கே வாங்கினீர்கள், ஏன் வாங்கினீர்கள் என்று அந்த இடத்தில் கேட்கக் கூடாது. கேட்க வருபவர் உபதேசம் செய்ய வரவில்லை. ஒரு வீட்டில் ஒரு வார்த்தை தவறாகச் சொன்னால், அடுத்த பத்து வீடுகளுக்கு அவருக்கு முன்னால் அந்தச் செய்தி போய்விடும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் சிறிய விஷயமல்ல. வீட்டுக்குப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்ல, அன்றாடச் செலவைக் கையாளும் பெண் உள்ளே இருப்பார். இருவரிடமும் கேட்டால் இரண்டு கணக்கு வரும். 1979-ல் ராஸ், சிகோலி என்ற இரு ஆய்வாளர்கள் கணவன் மனைவியரைத் தனித்தனியே அழைத்து, வீட்டுப் பொறுப்புகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று மதிப்பிடச் சொன்னார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழுமைக்கு மேலே போனது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது தனக்கு நன்றாக நினைவிருக்கும், அவ்வளவுதான். நம் நாட்டில் 2019-ல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சமாளித்தது. “உங்கள் பங்கு எவ்வளவு?” என்று கேட்காமல், முதல் நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணி வரை அரை மணிக்கு அரை மணி என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பதிந்தார்கள். ஒரு நாளுக்கு 24 மணி நேரத்துக்கு மேல் யாரும் கணக்குக் காட்ட முடியாது. அதில் வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாகத் தெரிந்தது. திண்ணையில் கேட்டிருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது.

அதனால் முடிந்த இடங்களில் பெண்களிடம் பெண் தன்னார்வலர்களே, தனியாகக் கேட்பது நல்லது. இரண்டு பேருடைய பதிலையும் தனித்தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே சமரசம் செய்து வைக்க முயல வேண்டாம், அந்த வித்தியாசமே ஒரு தகவல்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும், சதவீதம் என்றாலே தயங்குபவர்களிடமும் என்ன செய்வது? எண்ணை விட்டுவிட்டுக் கொட்டையை எடுக்க வேண்டியதுதான். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் 2006-ல் நடந்த ஒரு பெரிய குடும்பக் கணக்கெடுப்பில், கிராம மக்கள் கையில் பத்து அவரை விதைகளைக் கொடுத்தார்கள். வரும் பன்னிரண்டு மாதத்தில் உங்கள் வீட்டில் உணவுத் தட்டுப்பாடு வருமா? கட்டாயம் வரும் என்றால் பத்தையும் தட்டில் போடுங்கள், வராது என்றால் ஒன்றும் போடாதீர்கள், சந்தேகமென்றால் அதற்கேற்றபடி. முதலில் ஒரு பயிற்சிக் கேள்வியும் கேட்டார்கள். இரண்டு நாளுக்குள் சந்தைக்குப் போவீர்களா, இரண்டு வாரத்துக்குள் போவீர்களா? இரண்டாவதற்கு முதலாவதைவிடக் குறைவான விதை போட்டால் அவருக்குக் கேள்வி புரியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். மிக எளிய, மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. பள்ளிக்கூடமே போகாதவர்களும் இதில் தெளிவாகப் பதில் சொன்னார்கள்.

நமக்குப் புளியங்கொட்டை இருக்கிறது. பல்லாங்குழிப் பலகை உள்ள வீட்டில் குழிகளும் தயார். நூறு கொட்டை வேண்டாம், எண்ணி முடிவதற்குள் சலிப்பு வந்துவிடும். இருபது போதும், ஒரு கொட்டைக்கு ஐந்து சதவீதம் என்று நாம் பிறகு கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு குழிக்கு முன்னாலும் ஒரு படம். பள்ளிப் பை, மருந்துப் பாட்டில், தள்ளுவண்டி, கூரை, கடன் அட்டை. பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“மாமி, அறக்கட்டளைப் பணம் முழுக்க இந்த இருபது கொட்டைதான்னு வச்சுக்கங்க. எதெதுக்கு எவ்வளவு போடலாம்னு நீங்களே பங்கு வைங்க.”

“எல்லாத்துக்கும் சமமா வச்சுட்டேன்மா.”

“சரி மாமி. இப்ப ஒரு கொட்டையை எடுத்து வேற குழில போடச் சொன்னா, எதுல இருந்து எடுப்பீங்க?”

“கூரைல இருந்து எடுத்துக்கலாம். ஓலையாவது மாத்திக்கலாம். மருந்து இல்லாட்டி என்ன செய்றது?”

சமமாக வைத்த ஒருவரிடமிருந்து உண்மையான கருத்து வெளிவருவது இந்த இரண்டாவது கேள்வியில்தான். எண்ணைப் படிவத்தில் எழுதும்போது அந்தக் கடைசி வாக்கியத்தையும் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும். குழி காலியாக இருந்தால், “இதுக்கு ஒண்ணுமே வேண்டாமா, இல்லை விட்டுப்போச்சா?” என்று ஒரு முறை கேட்க வேண்டும். சுழியம் வேறு, பதில் சொல்லாமல் விட்டது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பதிந்தால் பிறகு பிரிக்கவே முடியாது.

எழுதித் தரும் படிவத்தில் கூட்டினால் நூறு வராத சிக்கல் எப்போதும் இருக்கும். நூற்றுப் பத்து வரும், தொண்ணூறு வரும். கைபேசிப் படிவமென்றால் எழுத எழுத மீதி எவ்வளவு என்று காட்டும்படி அமைக்கலாம். காகிதமென்றால் அங்கேயே கூட்டிப் பார்த்துக் கேட்பதுதான் சிறந்தது. வீடு திரும்பிய பிறகு தெரிய வந்தால், ஒவ்வொரு எண்ணையும் அதே விகிதத்தில் குறைத்து நூறுக்குக் கொண்டுவரலாம். பாகப்பிரிவினைச் சட்டம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பிள்ளை இல்லாத ஒரு பெண் மரணிக்கிறார். கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் வாரிசுகள். கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. ஆறு பங்காக வைத்தால் கணவருக்கு மூன்று, சகோதரிகளுக்கு நான்கு, மொத்தம் ஏழு ஆகிவிடுகிறது. உமர் (ரலி) அவர்கள் காலத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தபோது, சொத்தை ஏழாகப் பிரித்து ஏழில் மூன்றும் ஏழில் நான்குமாகக் கொடுக்கப்பட்டது. எல்லார் பங்கும் ஒரே விகிதத்தில் குறைந்தது, யாரும் விடுபடவில்லை. ஃபராயிள் கலையில் இதற்கு ‘அவ்ல்’ என்று பெயர். நூற்றுப் பத்தை நூறாக்குவதும் இதே கணக்குதான். ஆனால் அங்கே பங்குகள் நிர்ணயிக்கப்பட்டவை, இங்கே எழுதியவர் தடுமாறியிருக்கலாம். இருநூறு, நானூறு என்று வந்தால் அவர் கேள்வியையே வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று பொருள். அதைச் சுருக்கி நூறாக்கிச் சேர்ப்பது சரியல்ல. திரும்பப் போய்க் கேட்க வேண்டும், முடியாவிட்டால் ஒதுக்கி வைத்து, எத்தனை படிவம் ஒதுக்கினோம் என்று அறிக்கையில் எழுத வேண்டும்.

முடிவுகளைப் படிக்கும்போது மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

சராசரியை மட்டும் பார்ப்பது ஒன்று. பத்து வீடுகளில் ஐந்து வீடுகள் கல்விக்கு எண்பதும், ஐந்து வீடுகள் சுழியமும் எழுதினால் சராசரி நாற்பது. அந்த நாற்பதை எழுதிய வீடு ஒன்றுகூட இல்லை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளும் இல்லாத வீடுகளும் கலந்திருக்கின்றன என்பதே அங்கே உள்ள செய்தி.

எந்தச் சராசரி என்பது இன்னொன்று. ஒரு வீட்டின் மாதச் செலவு 10,000, அதில் உணவுக்கு 6,000. இன்னொரு வீட்டின் செலவு 40,000, உணவுக்கு 12,000. முதல் வீட்டில் 60 சதவீதம், இரண்டாவதில் 30. இரண்டின் சராசரி 45. ஆனால் மொத்தச் செலவு 50,000, மொத்த உணவுச் செலவு 18,000 என்று எடுத்தால் 36 சதவீதம். இரண்டும் சரியான கணக்குதான். வீடுகளின் நிலை தெரிய வேண்டுமானால் முதலாவது, ஊரின் மொத்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் இரண்டாவது. இரண்டாவது கணக்கில் வசதியான வீடுகளின் குரலே ஓங்கும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. ஏழைக் குடும்பத்தில் உணவுக்குப் போகும் பங்கு அதிகமாக இருக்கும் என்பது 1857-ல் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் கண்டறிந்த விதி. நம் நாட்டிலும் 2023-24 கணக்கெடுப்பில் கிராமங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 4,122 ரூபாய், அதில் உணவுக்கு 47 சதவீதம். நகரங்களில் 6,996 ரூபாய், உணவுக்கு 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டு, உணவுப் பங்கு குறைவாக உள்ள வீட்டுக்கு உதவி தேவையில்லை என்று முடிவு செய்தால் என்ன ஆகும்? ஒரு வீட்டின் செலவு 15,000. வாடகை 3,500. மருத்துவத்துக்கும் கடன் தவணைக்கும் 7,000. சாப்பாட்டுக்கு மிஞ்சுவது 4,500, அதாவது 30 சதவீதம். 45,000 செலவு செய்து 13,500-க்குச் சாப்பிடும் வீட்டிலும் அதே 30 சதவீதம்தான். பங்கை மட்டும் பார்த்தால் இரண்டு வீடும் ஒன்று. முதல் வீட்டில் பிள்ளைகளின் வயிற்றைக் குறைத்துத் தவணை கட்டுகிறார்கள் என்பது எந்தச் சதவீதத்திலும் தெரியாது. ஒன்று பெருத்தால் மற்றது சுருங்கியே ஆக வேண்டும் என்பது இந்தக் கணக்கின் அமைப்பு. எனவே பங்குக்குப் பக்கத்தில் ரூபாயும், வீட்டில் எத்தனை பேர் என்பதும் எப்போதும் இருக்க வேண்டும்.

பொது நிதியைப் பற்றி மட்டுமே இப்படி மக்கள் கருத்தைக் கேட்க முடியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜகாத் யாருக்குரியது என்பது அத்தவ்பா அத்தியாயத்தின் 60-வது வசனத்தில் எட்டு வகையினராக வகுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கணக்கெடுப்பு மாற்றாது. ஸதகா, நன்கொடை, வாடகை வருமானம் ஆகியவற்றிலிருந்து செய்யும் பணிகளுக்கே இந்தப் பங்கீட்டுக் கேள்வி. படிவத்தின் தலைப்பிலேயே இதை எழுதிவிட்டால் வீண் விவாதம் வராது.

இன்ஷா அல்லாஹ், வரும் மாதங்களில் நம் தன்னார்வலர்கள் வீடு வீடாக வரும்போது அவர்கள் பையில் புளியங்கொட்டையும் படங்களும் இருக்கும். படிவத்தில் குடும்ப எண் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. எண்ணையும் பெயரையும் இணைக்கும் ஏடு ஒருவரிடம் மட்டும் பூட்டி வைக்கப்படும். ஆண்டுக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, கடன் அட்டை இருந்தால் கையருகில் எடுத்து வைத்துக்கொண்டால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பட்டியலின் வரைவு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும், பெண்கள் மத்ரஸாவிலும் ஒட்டப்படும். உங்கள் வீட்டில் பெரிதாகப் பணம் போகும் ஏதாவது ஒன்று அதில் இல்லையென்றால், கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.